பேச வைக்கும் படிப்பு

பிளஸ் டூ ரிசல்ட் வந்தால் போதும், எங்கள் வீட்டுத் திண்ணைக்கு மவுசு வந்துவிடும். அரசு அலுவலகத்தில் கிளார்க்காகச் சேர்ந்து அங்கேயே தலை நரைத்து ஓய்வு பெற்றவன் நான். வருமானச் சான்று யாரிடம் வாங்குவது, முதல் பட்டதாரி சான்றுக்கு என்னென்ன வைப்பது என்று கேட்டுக்கொண்டு பெற்றோர்கள் வருவார்கள். அது முடிந்ததும் தவறாமல் அடுத்த கேள்வி வரும்: "சார், பையனை எதுல சேர்க்கலாம்?"

கும்மிடிப்பூண்டியில் இந்தக் கேள்விக்கு எல்லோரும் வைத்திருக்கிற பதில் ஒன்றுதான். இன்ஜினியரிங். சிப்காட் பக்கத்திலேயே இருக்கிறது, ஏதாவது ஒரு கம்பெனியில் நுழைந்துவிடலாம் என்ற நினைப்பு. பெண் பிள்ளை என்றால் நர்சிங், இல்லையென்றால் பி.காம். இரண்டு வருஷமாக நான் இன்னொரு படிப்பின் பெயரையும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். பி.ஏ.எஸ்.எல்.பி. கேட்பியல், பேச்சு மற்றும் மொழி நோயியல் பட்டப்படிப்பு. "அப்படி ஒரு படிப்பா? கேள்விப்பட்டதே இல்லையே சார்" என்பார்கள். அவர்கள் கேள்விப்படாததால் இந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு என்ன நஷ்டம் என்பதைச் சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

எங்கள் தெருவில் ஒரு பெண் இதைப் படிக்கிறாள். ஒருநாள் அவளை உட்கார வைத்து விவரமாகக் கேட்டேன். மொத்தம் நான்கு வருஷம். அதில் கடைசி ஒரு வருஷம் முழுக்க ஆஸ்பத்திரியில் இன்டர்ன்ஷிப். காது, தொண்டை, மூளை ஆகியவற்றின் உடற்கூறு படிக்க வேண்டும். ஒலியின் இயற்பியல், மொழியியல், உளவியல், புள்ளியியல் எல்லாம் உண்டு. பிறந்த குழந்தையின் காதைச் சோதிப்பதிலிருந்து பக்கவாதம் வந்த பெரியவருக்கு மறுபடி விழுங்கக் கற்றுத் தருவது வரை இவர்கள் வேலைதான். திக்குவாய், அன்னப்பிளவு, ஆட்டிசம், தொண்டை கட்டிப்போன வாத்தியார், காது மெஷின் வைத்துக்கொள்ளும் தாத்தா என்று எல்லோரும் இவர்களிடம்தான் வர வேண்டும். "தாத்தா, நாங்க டாக்டரும் இல்ல, நர்ஸும் இல்ல. டாக்டர் வேலை முடிஞ்ச இடத்துல எங்க வேலை ஆரம்பிக்கும்" என்றாள். இதைவிடச் சுருக்கமாக என்னால் சொல்ல முடியாது.

நம் நாட்டில் இந்தப் படிப்புக்குத் தாய்வீடு மைசூர். அங்கே 1965-ல் மத்திய அரசு தொடங்கியதுதான் அகில இந்தியப் பேச்சு மற்றும் கேட்டல் நிறுவனம். தமிழ்நாட்டில் போரூர் ஸ்ரீ ராமச்சந்திரா, காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம்., சென்னையில் உள்ள எம்.இ.ஆர்.எஃப். நிறுவனம் போன்ற இடங்களில் படிக்கலாம். அரசு நடத்தும் பாராமெடிக்கல் கவுன்சிலிங் பட்டியலிலும் இது உண்டு. படித்து முடித்தவர் இந்திய மறுவாழ்வு கவுன்சிலில் பதிவு எண் வாங்க வேண்டும். 1992-ஆம் ஆண்டுச் சட்டப்படி அந்தப் பதிவு இல்லாமல் தொழில் செய்வது குற்றம்.

என் பள்ளிப் படிப்பு பாண்டிச்சேரியில், பிரெஞ்சு மீடியம். அதனால்தான் இந்தத் துறை எனக்கு அந்நியமாகத் தெரியவில்லை என்று நினைக்கிறேன். பிரெஞ்சில் ஓர் உயிரெழுத்து உண்டு, தமிழில் அதற்கு இடமே கிடையாது. எங்கள் முசே ஒவ்வொரு பையனாக எழுப்பி நிறுத்தி, "ஊ சொல்வது போல உதட்டைக் குவி, அப்படியே ஈ சொல்லு" என்பார். வாய்க்குள் நாக்கு எங்கே இருக்கிறது, காற்று எந்த வழியாகப் போகிறது என்று பத்து வயதில் யோசிக்க வைத்தவர் அவர். பிற்பாடு தமிழ் படித்தபோது தொல்காப்பியத்தில் பிறப்பியல் என்று ஓர் இயலே இருப்பதைப் பார்த்து வியந்துபோனேன். எந்த எழுத்து உடம்பின் எந்த உறுப்பில் எப்படிப் பிறக்கிறது என்று நெஞ்சு, கழுத்து, தலை, பல், உதடு, நாக்கு, மூக்கு, அண்ணம் என எட்டு இடங்களைக் கணக்கிட்டு வைத்திருக்கிறார்கள். இப்படிப்பட்ட மொழியைப் பேசுகிற நாம் பேச்சு மருத்துவத்தைக் கேள்விப்படாமல் இருக்கிறோம்.

பாண்டிச்சேரியில் பல வீடுகளில் சொல்தா உறவு உண்டு. எங்கள் சொந்தத்திலும் பிரான்சில் குடியேறிய குடும்பம் ஒன்று இருக்கிறது. அங்கே பிறந்த பையனுக்குத் திக்குவாய். பள்ளிக்கூடத்திலேயே கண்டுபிடித்துச் சொல்லியிருக்கிறார்கள். டாக்டர் சீட்டு எழுதிக் கொடுத்ததும் வாரா வாரம் ஒர்த்தோஃபோனிஸ்த் வீட்டுப் பக்கத்திலேயே பயிற்சி. செலவில் பெரும்பகுதியை அரசுக் காப்பீடு ஏற்றுக்கொண்டது. பிரான்சில் இந்தத் தொழிலுக்குச் சட்ட அங்கீகாரம் வந்தது 1964-ல். மைசூர் நிறுவனம் வந்தது அதற்கு அடுத்த வருஷம். தொடக்கத்தில் நாம் ஒன்றும் பின்தங்கிவிடவில்லை. அங்கே அது ஊர் ஊராகப் போய்ச் சேர்ந்தது. இங்கே பெரிய நகரங்களோடு பெரும்பாலும் நின்றுவிட்டது.

நின்றுவிட்டதால் என்ன ஆகும் என்பதற்கு என்னோடு வேலை பார்த்த ஒரு ஹெட் கிளார்க்கைச் சொல்லலாம். கோப்பில் அவர் எழுதும் குறிப்பு ஒரு சொல் கூடாது, குறையாது. ஓய்வு பெற்ற மூன்றாம் வருஷம் பக்கவாதம் வந்தது. கை கால் ஓரளவு திரும்பியது. பேச்சு மட்டும் திரும்பவில்லை. எதைக் கேட்டாலும் "அதான், அதான்" என்ற ஒரே சொல். போய்ப் பார்த்தவர்கள் எல்லாம் புத்தி பேதலித்துவிட்டது என்று முடிவு கட்டினார்கள். அவர் கண்ணைப் பார்த்தால் தெரியும், எல்லாம் புரிகிறது. சொல்தான் வரவில்லை. சேர்த்திருந்த ஆஸ்பத்திரியில் மாத்திரை எழுதினார்கள், பிசியோதெரபி எழுதினார்கள். பேச்சுப் பயிற்சி என்று ஒன்று இருப்பதாக அந்தக் குடும்பத்துக்கு ஒருவரும் சொல்லவில்லை. நான்கு வருஷம் அப்படியே இருந்து இறந்துபோனார்.

இதே போன்ற ஒரு நோயாளியைப் பாரிஸ் பக்கத்தில் பிசெத்ர் ஆஸ்பத்திரியில் 1861-லேயே பார்த்திருக்கிறார்கள். அவருக்கு வந்த ஒரே சொல் "தான்". அவர் இறந்தபின் மூளையைச் சோதித்த டாக்டர் புரோகா, இடப்பக்க முன்மூளையில் பழுது இருப்பதைக் காட்டினார். பேச்சை உருவாக்கும் இடம் அது என்று உலகம் தெரிந்துகொண்டது அப்போதுதான். அஃபேசியா என்று இதற்குப் பெயர். புத்தி போவதல்ல, சொல்லுக்குப் போகும் வழி அடைபடுவது. சீக்கிரம் ஆரம்பித்துத் தொடர்ந்து பயிற்சி கொடுத்தால் பலருக்கு ஓரளவாவது வழி திறக்கிறது. முழுவதும் திறக்காவிட்டாலும் படம் காட்டியோ சைகை செய்தோ தன் தேவையைச் சொல்லக் கற்றுத்தர முடியும். நண்பருக்கு அந்த வாய்ப்பே கிடைக்கவில்லை.

பெரியவர்கள் கதை இப்படி என்றால், குழந்தைகள் விஷயத்தில் காலம் இன்னும் குறைவு. பிறந்து ஒரு மாதத்துக்குள் காதைச் சோதிக்க வேண்டும், மூன்று மாதத்துக்குள் குறையை உறுதிசெய்ய வேண்டும், ஆறு மாதத்துக்குள் மெஷினோ பயிற்சியோ தொடங்கிவிட வேண்டும் என்று இத்துறையில் கணக்கு வைத்திருக்கிறார்கள். நம் வீடுகளில் என்ன செய்கிறோம்? "ஆம்பளப் புள்ள லேட்டாத்தான் பேசும்", "அவங்க அப்பாவும் நாலு வயசுலதான் பேசினான்" என்கிறோம். நாக்கில் வசம்பைத் தடவுகிறோம். அமாவாசைக்குத் திருவள்ளூர் வீரராகவப் பெருமாள் கோயில் குளத்தில் வெல்லம் கரைக்கிறோம். கரையுங்கள், வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையோடு குழந்தையின் காதையும் ஒரு தடவை சோதித்துவிடுங்கள். காது கேட்காத குழந்தைக்குப் பேச்சு எங்கிருந்து வரும்?

கேட்காத காதுக்கு இன்று வழி இருக்கிறது. 1957-ல் பாரிஸில் ஜூர்னோ, ஏரியெஸ் என்ற இருவர் காது கேட்காத ஒருவரின் செவி நரம்பில் மின்சாரம் செலுத்தி ஒலியை உணர வைத்தார்கள். அந்த முயற்சி வளர்ந்து வந்ததுதான் காக்ளியர் இம்பிளான்ட். பல லட்ச ரூபாய் பிடிக்கும் அந்த அறுவை சிகிச்சை, ஆறு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளுக்கு முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் இலவசம். இதற்கு எந்த ஆட்சியாக இருந்தாலும் கையெடுத்துக் கும்பிடலாம்.

ஆனால் மெஷின் வைத்தவுடன் குழந்தை பேசிவிடாது. அதன் காதில் சத்தம்தான் விழும், அர்த்தம் விழாது. "இது அம்மா குரல், இது குக்கர் சத்தம்" என்று ஒவ்வொன்றாகப் பழக்க வேண்டும். தினமும் காலையில் அம்மா குழந்தைக்குப் பின்னால் நின்று ஆ, ஈ, ஊ, ம், ஷ், ஸ் என்ற ஆறு ஒலிகளைச் சொல்லி, மெஷின் சரியாக வேலை செய்கிறதா என்று பார்க்க வேண்டும். இதைச் சொல்லிக்கொடுக்கவும் சரிபார்க்கவும் ஒரு தெரபிஸ்ட் வாரா வாரம் தேவை, வருஷக் கணக்கில்.

கவரைப்பேட்டை பக்கம் எனக்குத் தெரிந்த ஒரு குடும்பம். அப்பாவுக்கு ரோலிங் மில்லில் ஷிப்ட் வேலை. குழந்தைக்கு இம்பிளான்ட் ஆனது. வாரம் இரண்டு நாள் சென்னையில் பயிற்சி. அந்த அம்மா பிள்ளையைத் தூக்கிக்கொண்டு லோக்கல் ரயில் ஏறி, சென்ட்ரலில் இறங்கி, பஸ் பிடித்துப் போய் முக்கால் மணி நேரப் பயிற்சிக்காக ஒரு பகலைச் செலவழித்தாள். ஐந்து மாதம் தாக்குப்பிடித்தாள். அடுத்த குழந்தை வயிற்றில் வந்தது. பயணம் நின்றது. இப்போது அந்த மெஷின் பீரோவில் துணியில் சுற்றி வைக்கப்பட்டிருக்கிறது. பிள்ளை சைகையில்தான் பேசுகிறான். அந்தத் தாய் மேல் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. எங்கள் ஊரிலிருந்து மாவட்டத் தலைநகரான திருவள்ளூருக்கே ரயிலில் போக வேண்டுமானால் பேசின் பிரிட்ஜ் வரை போய் வேறு லைனில் திரும்ப வேண்டும். ஊசி போட ஒருநாள் போய்வரலாம், அறுவை சிகிச்சைக்கு ஒரு வாரம் தங்கலாம். மூன்று வருஷம் வாரா வாரம் போய்வர முடியுமா?

அருகில் ஒரு தெரபிஸ்ட் இருந்தால் மட்டும் போதாது, அவர் இந்த மண்ணின் பேச்சு தெரிந்தவராகவும் இருக்க வேண்டும். எக்ஸ்ரே படத்துக்கு மொழி கிடையாது. பேச்சுப் பயிற்சிக்கு மொழிதான் மருந்து. எங்கள் வடக்குப் பக்கத்தில் "வாயப்பயம்" என்று ஒரு குழந்தை சொன்னால் அது குறை அல்ல, அதன் பாட்டியும் அப்படித்தான் சொல்வாள். எங்கள் ஊர் முகாமில் உள்ள இலங்கைத் தமிழ்க் குழந்தை "கதைக்கிறது" என்று சொன்னால் அதுவும் சரியான பேச்சே. ஆந்திர எல்லை என்பதால் வீட்டில் தெலுங்கும் தெருவில் தமிழும் பேசும் பிள்ளைகள் ஏராளம். சிப்காட்டுக்கு வந்த ஒடிசா, பீகார் தொழிலாளர்களின் பிள்ளைகளும் இப்போது இங்கே அங்கன்வாடியில் உட்கார்ந்திருக்கிறார்கள். எது நோய், எது வட்டார வழக்கு, எது இரண்டு மொழிக் கலப்பு என்று இந்த ஊரில் வளர்ந்த ஒருவர் சட்டென்று சொல்லிவிடுவார். ஆங்கிலப் புத்தகத்தில் உள்ள சோதனையை மட்டும் நம்புகிறவர் தடுமாறுவார். எந்த மருத்துவரையும் வெளியிலிருந்து கொண்டுவரலாம். பேச்சுக்கு மட்டும் நம் பிள்ளைகளே படித்து வர வேண்டும்.

சிப்காட் ஊருக்கு இன்னொரு காரணமும் இருக்கிறது. இங்கே உருக்காலைகள், ரோலிங் மில்கள், வார்ப்பாலைகள் நிறைய. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல் வரைதான் சத்தம் இருக்கலாம் என்கிறது தொழிற்சாலை விதி. 95 ஆனால் நான்கு மணி நேரம், 100 ஆனால் இரண்டே மணி நேரம். இரைச்சலால் வரும் கேள்விக் குறைபாட்டை 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்திலேயே அறிவிக்க வேண்டிய தொழில் நோய்ப் பட்டியலில் சேர்த்திருந்தார்கள். இ.எஸ்.ஐ. திட்டத்திலும் அது தொழில் நோய்தான், இழப்பீடு உண்டு. ஆனால் காது போனது என்று வாயால் சொன்னால் எந்த அலுவலகமும் ஏற்காது, ஆடியோகிராம் வேண்டும். கிளார்க்காக இருந்தவன் சொல்கிறேன், தாள் இல்லாத உரிமை செல்லாத நோட்டு மாதிரி. இரைச்சலால் கெட்ட காது ஆடியோகிராமில் 4000 ஹெர்ட்ஸ் பக்கம் ஒரு பள்ளமாகத் தெரியுமாம். முதலில் தொழிலாளிக்கே தெரியாது. வீட்டில் டிவி சத்தம் கூடிக்கொண்டே போகும், மனைவி கத்திப் பேச ஆரம்பிப்பாள். போன செவி திரும்பாது. வருஷா வருஷம் சோதித்தால் இருப்பதையாவது காப்பாற்றலாம். அந்தச் சோதனையைச் செய்யத் தெரிந்தவரும் இதே படிப்புப் படித்தவர்தான்.

நம் வயதுக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை. "காது கேக்குது, ஆனா என்ன சொல்றாங்கன்னு புரியல" என்று நம்மில் பாதிப் பேர் சொல்கிறோம். வயதானால் முதலில் போவது உயர்ந்த ஒலிகள். உயிரெழுத்துகள் கேட்கும், மெல்லிய மெய்யெழுத்துகள் நழுவும். பத்து என்றார்களா, பட்டு என்றார்களா என்று குழப்பம் வரும். பிறகு நாமே கூட்டத்தில் போய் உட்காருவதை நிறுத்திவிடுவோம். மறதி நோய்க்குத் தடுக்கக்கூடிய காரணங்களில் நடுவயதுக் கேள்விக் குறைபாட்டுக்கு முதலிடம் கொடுத்தது லான்செட் இதழ் அமைத்த குழுவின் 2020 அறிக்கை. ஆன்லைனில் மலிவாக வரும் கருவியை வாங்கிக் காதில் செருகிக்கொள்வதும், அது இரைகிறது என்று கழற்றி டிராயரில் போடுவதும் நம்மிடையே சகஜம். கண்ணாடிக்கு முன் கண்ணைச் சோதிப்பது போலக் காது மெஷினுக்கு முன் காதைச் சோதித்து, அளவு வைத்துத் தர ஒருவர் வேண்டும்.

சரி, இதைப் படித்தால் சம்பளம் கிடைக்குமா என்று பெற்றோர் கேட்பது நியாயம். பட்டம் வாங்கியவர்களில் பலர் வெளிநாடு போகிறார்கள், சிலர் காது மெஷின் கடைகளில் விற்பனைக்கு உட்காருகிறார்கள். உள்ளூரில் நிரந்தர அரசுப் பணியிடம் குறைவு. இதை மறைத்து யாரையும் இந்தப் படிப்பில் தள்ள நான் விரும்பவில்லை. ஆனால் தேவை இல்லாததாலா பணியிடம் குறைவு? உலக அளவில் 43 கோடிப் பேருக்குக் கேள்விக் குறைபாட்டுக்கான சிகிச்சையோ மறுவாழ்வோ தேவை என்கிறது உலக சுகாதார நிறுவனம். ஆள் இல்லாததால் மக்களுக்குத் தெரியவில்லை, மக்கள் கேட்காததால் பணியிடம் உருவாக்கப்படவில்லை. இந்தச் சுற்றை எங்காவது ஓர் இடத்தில் உடைக்க வேண்டும்.

உடைக்க முடியும் என்பதற்கு ஒரு சான்று உண்டு. திருவண்ணாமலை மாவட்டத்தில் ஸ்ரீ ராமச்சந்திராவின் பேச்சுத் துறையினர், அன்னப்பிளவு உள்ள குழந்தைகளுக்காக உள்ளூர்ப் பணியாளர்களுக்கே பயிற்சி கொடுத்து, கிராமத்திலேயே பேச்சுப் பயிற்சி கிடைக்கச் செய்தார்கள். அங்கே முடிந்தது இங்கே முடியாதா?

மனு எழுதிப் பழகிய கை, அதனால் என் கோரிக்கைகளை வரிசைப்படுத்தியே சொல்கிறேன்.

முதலாவது, அரசுக்கு. 2021-ல் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிசியோதெரபி வீடு தேடி வருகிறது. அதே வண்டியில் பேச்சுப் பயிற்சியும் வரட்டும். திருவள்ளூரில் 2022 முதல் அரசு மருத்துவக் கல்லூரி இருக்கிறது. அங்கே இந்தப் பட்டப்படிப்பைக் கொண்டுவந்து, மாணவர்களை வாரம் ஒருநாளாவது கும்மிடிப்பூண்டிக்கும் ஊத்துக்கோட்டைக்கும் பயிற்சிக்காக அனுப்பட்டும்.

இரண்டாவது, சிப்காட் நிறுவனங்களுக்கு. சமூகப் பொறுப்பு நிதியில் நோட்டுப் புத்தகம் கொடுப்பது நல்லதுதான். அதில் ஒரு பங்கில் இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் இரண்டு பேரை வருஷந்தோறும் இந்தப் படிப்புக்குப் படிக்க வைக்கலாம். இந்த ஊர்க் காதுகளுக்கு அவர்கள் பட்ட கடன் இருக்கிறது.

மூன்றாவது, பெற்றோருக்கு. பிளஸ் டூவில் அறிவியல் பாடம் படித்த பிள்ளை, பொறுமைசாலி, தமிழ் நன்றாக வரும், குழந்தைகளோடு தரையில் உட்கார்ந்து விளையாடப் பிடிக்கும் என்றால், கவுன்சிலிங் பட்டியலில் இந்தப் பெயரையும் தேடிப் பாருங்கள். படிப்பும் அதன் வேலையும் எப்படி என்று அந்தப் பெண்ணிடமே கேட்டுக்கொள்ளலாம், லீவு நாட்களில் அவள் எங்கள் தெருவில்தான் இருக்கிறாள். சேர்வதற்கு எந்தச் சான்றிதழ் எங்கே வாங்குவது என்ற கவலை வேண்டாம். அதற்கு நான் இருக்கிறேன்.